திருப்பிக் கொடுத்த பத்திரிகை

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், எனக்கு முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது, உன் அப்பாவுக்கு அதுவும் இல்லை. நீயும் அங்கே குளிர், வேலை, தூக்கம் எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன், நீயாகச் சொல்ல மாட்டாய், நான்தான் வைத்துக்கொள்ள வேண்டும். உன் மாமா பெண் சிட்டுவின் கல்யாணம் எப்படி நடந்தது என்று நீ ஃபோனில் கேட்டபோதெல்லாம் எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று தட்டிக்கழித்தேன், உன் அப்பா இரண்டடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பதுபோல் பாவனை பண்ணிக்கொண்டிருந்தால் நான் என்னத்தைச் சொல்வது. இன்று பல் டாக்டரிடம் போயிருக்கிறார், அங்கே எப்போதும் கூட்டம், வர நேரமாகும். மாமாவிடம் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் உங்களோடு பேச மாட்டேன் என்று நீ அவருக்கு அனுப்பிய செய்தியை நானும் பார்த்தேன். அந்தக் கல்யாணப் பத்திரிகை விவகாரத்தில் சிட்டு சொன்ன பாதி உனக்குத் தெரியும், உன் அத்தை சொன்ன பாதியும் தெரியும், இரண்டையும் கூட்டினால் முழுசு வராது. நான் யார் பக்கமும் பேசப்போவதில்லை, பேசிப் பேசி அலுத்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அதற்குப் பிறகு பேசுவதும் பேசாததும் உன் பாடு. தமிழில் எழுதுவதால் எனக்குப் பயமும் இல்லை. தமிழில் தப்பு இருந்தால் உன் அப்பாவுக்குக் கண்ணே தெரியாது, கடைக்கு எழுதிக்கொண்டு போகிற சீட்டில் அவரே தீப்பெட்டிக்கு ஓர் எழுத்தை முழுங்கிவிடுவார். இங்கிலீஷில் மட்டும் ஒரு கமா இடம் மாறி உட்கார்ந்துவிட்டால் ஊசி குத்தினவர்போலத் துள்ளுவார்.

அவருடைய வேலை அப்படி, அது உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், இந்தக் கதைக்கு அது வேண்டும். இங்கிலீஷ் பத்திரிகை ஆபீசில் ப்ரூஃப் பார்க்கிற செக்‌ஷனில் சேர்ந்தவர் அங்கிருந்தே ரிட்டயர் ஆனார். அந்த அறையில் ஒரே ஒரு சட்டம். மேசைக்கு வந்த தாள் மேசையில் தங்கக்கூடாது. படி, சிவப்பு மையில் திருத்து, கீழே உன் கையெழுத்தைச் சுருக்கிப் போடு, கொடுத்தவன் கையிலேயே திருப்பிக் கொடு. நல்லா இருக்கு என்று சொல்லி வைத்துக்கொண்டால் கீழே அச்சு மெஷின் நின்றுவிடும். ஒருதரம் ஒருத்தர் தாளை டிராயரில் போட்டுவிட்டு வெற்றிலை பாக்குக் கடைக்கோ எங்கேயோ போய்விட்டாராம், அவரைப் பற்றி இன்றைக்கும் உன் அப்பா கொலைக்குற்றவாளியைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொல்வார். ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்தவருக்கு அந்த வேலை மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. நம் கட்டடத்தின் படிக்கட்டுப் பலகையில் செகரெட்டரி ஒட்டுகிற நோட்டீஸ் எல்லாவற்றையும் திருத்தினார். ரிட்டர்ன் என்றாலே திரும்புவதுதான், பின்னால் ஒரு பேக் எதற்கு, டிஸ்கஸ் என்றாலே ஒன்றைப் பற்றிப் பேசுவதுதான், அபௌட்டை எங்கிருந்து பிடித்து வருகிறார்கள் என்று பலகை முன்னால் நின்று வாதம் பண்ணுவார், எதிரே ஆளே இருக்காது. செகரெட்டரி நல்ல மனுஷன், கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார், பிறகு நோட்டீஸில் எழுதுவதையே விட்டுவிட்டார். இப்போது தண்ணீர் வராத நாளில் ஒரு குழாயைப் படம் போட்டு மேலே பெருக்கல் குறி போட்டு ஒட்டுகிறார். லிஃப்ட் கெட்டுப்போனால் பெட்டி மாதிரி ஒன்று வரைந்து அதற்குள் அழுகிற முகம். எல்லாருக்கும் புரிகிறது, உன் அப்பாவுக்கு மட்டும் பொழுது போகவில்லை. பேங்க்காரர்கள் எதற்கோ சீக்கிரம் ரிவர்ட் பண்ணுங்கள் என்று எழுதியிருந்தார்கள். பதில் எழுது என்பதற்கு அந்த வார்த்தை வராதாம், பழைய நிலைக்குத் திரும்பு என்றுதான் அர்த்தமாம், நான் எந்த வயதுக்குத் திரும்ப வேண்டும் என்று தெரியப்படுத்தவும் என்று கேட்டு மெனக்கெட்டுத் தபாலில் அனுப்பினார். இன்றுவரை பதில் இல்லை. பல் டாக்டர் அம்மா வாயில் கருவியை வைத்துக்கொண்டு லிட்ரலி வலியே இருக்காது சார் என்றதற்கு, கையைக் காட்டி நிறுத்தி, கொப்பளித்துத் துப்பிவிட்டு, லிட்ரலி என்றால் சொல்லுக்குச் சொல் உண்மை என்று அர்த்தம், அப்படித்தானா என்று கேட்டிருக்கிறார். அன்றையிலிருந்து அந்த அம்மா இவரிடம் சைகையில்தான் பேசுகிறார். ஹாஸ்டலில் இருந்து நீ எழுதின கடிதங்கள் சிவப்பு மை பட்டு உனக்கே திரும்பி வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய், உன் சிநேகிதிகள் எல்லாரும் சுற்றி நின்று சிரித்ததையும் மறந்திருக்க மாட்டாய். அதெல்லாம் அப்பாவின் பாசம் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. அது அரிப்பு. பாசமும் இருக்கிறது, அது வேறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகை அக்கா வீட்டுக்குத்தான் என்று உன் மாமா கொண்டு வந்தான். எனக்கு இருக்கிறது ஒரே தம்பி, அவனுக்கு மூத்தது என்று இருக்கிறது நான் ஒருத்தி, அதனால் மதிப்பாகச் செய்ய வேண்டும் என்று மூக்குக்கண்ணாடிக் கடையை அரை நாள் மூடிவிட்டு, உன் அத்தையையும் கூட்டிக்கொண்டு, மாப்பிள்ளைப் பையனுடைய பெரியப்பாவையும் அழைத்து வந்திருந்தான். அந்தப் பெரியப்பா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மேனேஜராக இருந்தவர், அவர்கள் வீட்டில் எல்லாரும் அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், பெண்டாட்டி உட்பட. பத்திரிகையின் இங்கிலீஷ் பக்கம் அவர் எழுதினது. உட்கார்ந்ததும் உட்காராததுமாக அவரே சொன்னார், வாசகம் முழுக்க என்னோடதுதான் சார், ஒரு வாரம் யோசிச்சேன், பாத்துச் சொல்லுங்க என்றார். உன் மாமா எழுந்து நின்று, இரண்டு கையாலும் பத்திரிகையை நீட்டி, அத்தான், நீங்களும் அக்காவும் முன்னாடியே வந்து நடத்திக் குடுக்கணும் என்றான். எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்க நான் உள்ளே போய் டம்ளர்களை எடுத்து வைத்தேன். போனது தப்பு. நான் அங்கேயே நின்றிருந்தால் பிடுங்கியாவது வைத்திருப்பேன். உள்ளே இருந்தபடி கேட்டேன், கூடத்தில் சத்தமே இல்லை. படித்து ரசிக்கிறார் என்றுதான் அவர்களும் நினைத்திருக்கிறார்கள், மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தாராம். நான் தட்டோடு வெளியே வந்தபோது பத்திரிகை அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. சட்டைப்பையில் அந்தச் சிவப்புப் பேனா எப்போதும் இருக்குமே. கடைசி வரிவரைக்கும் வந்து, அடியில் கையெழுத்தைச் சுருக்கிப் போட்டு, பேனாவை மூடி, பத்திரிகையைக் கொண்டுபோய் உன் மாமா கையிலேயே கொடுத்தார். மோசமில்ல, ஆனா திருத்தம் நிறைய இருக்கு, இதெல்லாம் சரி பண்ணிட்டு அடிக்கச் சொல்லிடு என்றார். உன் மாமா, அத்தான், அடிச்சாச்சு என்றான். இவர் விடுவாரா, அடிச்சாச்சா, அப்ப பாத்தது யாரு என்று கேட்டார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. மேல்துண்டை உதறுவதுபோல ஏதோ செய்தார், அவர் போட்டிருந்தது சட்டை, உதற ஒன்றும் இல்லை, அப்படியே எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். உன் மாமா கையில் திரும்பி வந்த பத்திரிகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். நான் தட்டும் கையுமாக நின்றேன். உன் அப்பா ஒரு டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு, என்ன, அவங்க யாரும் குடிக்கலையா என்று கேட்டார். சத்தியமாக அப்படித்தான் கேட்டார்.

சாயங்காலம் உன் அத்தை ஃபோன் பண்ணிக் கொட்டித் தீர்த்தாள். தப்பு கண்டுபிடிச்சதைக்கூட விடுங்க அண்ணி, அவர் சுபாவம் தெரியும், ஆனா ரெண்டு கையால குடுத்த பத்திரிகையைக் குடுத்தவர் கையிலேயே திருப்பி வச்சா என்ன அர்த்தம், உன் வீட்டுக் கல்யாணம் எனக்கு வேண்டாம்னுதானே அர்த்தம், அதுவும் சம்பந்தி வீட்டு மனுஷர் முன்னாடி, அவர் வழி பூரா இதையே கேட்டுக்கிட்டு வந்தார், இவங்களுக்குச் சம்மதம் இல்லையா என்ன விஷயம்னு, நாங்க என்ன பதில் சொல்றது என்றாள். அவள் சொல்கிற வரைக்கும் எனக்கே அது தோன்றவில்லை, பார், இவரோடு குடித்தனம் பண்ணிப் பண்ணி எனக்கும் மூளை ப்ரூஃப் அறை மாதிரி ஆகிவிட்டது. உன் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் சண்டைக்குத்தான் வந்தார், பாத்துச் சொல்லுங்கன்னு அந்த ஆளே சொன்னார், பாத்தேன், சொன்னேன், பாத்ததைத் திருப்பிக் குடுக்காம வச்சுக்கவா முடியும் என்றார். அது ப்ரூஃப் இல்லைங்க, அழைப்பு என்றேன். அவர் பால்கனியில் போய் நின்றுகொண்டார், துணி எடுக்கப் போனவளுக்கு வழிகூட விடவில்லை. மறுநாள் உன் மாமா ஃபோனில் பேசினான். அவன் என்னிடம் குரலை உயர்த்தினதே கிடையாது, அன்றைக்கும் உயர்த்தவில்லை. அக்கா, நீ மட்டும் வா, அத்தான் வந்தா அவங்க பக்கத்துல சங்கடப்படுவாங்க, உனக்கு வண்டி அனுப்பறேன் என்றான். கட்டினவரை வாசல்ல விட்டுட்டு உள்ள வர எனக்குத் தெரியாதுடா, கூப்பிட்டா ரெண்டு பேரையும் கூப்பிடு, இல்லாட்டி விட்டுடு என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது, நான் சொன்னது என் தம்பி வீட்டு முதல் கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்று. சிட்டுவைப் பிறந்த அன்றைக்குக் கையில் வாங்கினவள் நான். உன் அப்பா மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் காகிதம் தாங்காது. நான் இதையெல்லாம் தூர நின்று பார்ப்பவள்தான், உனக்குத் தெரியும், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டேன், ஆனால் அந்த வாரம் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அழுதேன். நீ அவருக்குச் செய்தி அனுப்பினதும் அந்த வாரம்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை உன் அத்தைகூட உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள், ஏனென்றால் அது கடையில் நடந்தது, கண் பரிசோதிக்கிற பெண் என்னிடம் சொன்னது. ஒரு நாள் காலையில் உன் அப்பா எங்கே போகிறேன் என்று சொல்லாமல் கிளம்பிப் போய் உன் மாமா கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைக் கவனித்திருக்கிறான். கண்ணாடி வாங்க வந்தவர்களோடு ஒருவராக, டோக்கன் வாங்கிக்கொண்டு, அவர் முறை வருகிற வரைக்கும் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். எதிர்ச் சுவரில் ஃப்ரேம் விளம்பரம் ஒன்று இங்கிலீஷில் இருக்கிறதாம், அதில் ஒரு வரி படுமோசமாம், அந்தப் பெண்ணே சொன்னாள், சார் அதைப் பாக்காம இருக்கறதுக்காகத் தரையையே பாத்துக்கிட்டு இருந்தார்ம்மா என்று. அவர் முறை வந்ததும் கவுண்டரில் போய் நின்று, என்கிட்ட பத்திரிகை இல்ல, பத்திரிகை இல்லாம நான் எப்படி வர்றது, ஒண்ணு குடு என்றிருக்கிறார். உன் மாமாவும் சும்மா விடவில்லை, எதுக்கு, மறுபடியும் திருத்தவா என்று கேட்டிருக்கிறான், கடை முழுக்கக் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்ததாம். இவர், இல்ல, வச்சுக்கறதுக்கு என்றிருக்கிறார். வேறொன்றும் சொல்லவில்லை. தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோ, அந்த மாதிரி ஒரு வார்த்தையும் கிடையாது, அந்தப் பெண்ணை நான் துருவித் துருவிக் கேட்டுவிட்டேன். உன் மாமா டிராயரைத் திறந்து ஒரு கவரை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்திருக்கிறான், இவர் எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் கொடுத்து, பத்திரிகை வந்திருக்கு, போகலாம் என்றார். கவரைப் பிரிக்கவே இல்லை. பிரித்தால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

போனோம். கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை நான் எடுத்து அலமாரியில் வைத்தேன், அவர் கையைத் தூக்கிக் காட்டினார், சோதனை போடுகிற போலீஸ்காரருக்குக் காட்டுவதுபோல. மண்டபத்தில் உன் மாமா வாசலில் நின்றான், வாங்க என்றான், யாருக்குச் சொன்னான் என்று தெரியாதபடி இருவருக்கும் நடுவில் இருந்த தூணைப் பார்த்துச் சொன்னான். உன் அத்தை என்னைக் கட்டிக்கொண்டாள், இவருக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். சிட்டு அழகாக இருந்தாள், படத்தில் பார்த்திருப்பாய். நாங்கள் நடுவரிசையில் போய் உட்கார்ந்தோம், பக்கத்து நாற்காலிகள் காலியாகவே இருந்தன, கதை அதற்குள் மண்டபம் முழுக்கப் பரவியிருக்கிறது என்று தெரிந்துபோயிற்று. எல்லாம் முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது மேனேஜர் மைக்கைப் பிடித்தார். இங்கிலீஷில் பேசினார். எனக்கு உன் அப்பா அளவுக்குத் தெரியாது, ஆனால் இவரோடு இத்தனை வருஷம் இருந்ததில் காது பழகிவிட்டது. மைசெல்ஃப் இன்னார் என்று ஆரம்பித்தார், அங்கேயே உன் அப்பா கால் ஒருதரம் ஆடியது. ஒன் ஆஃப் மை பிரதர் சன் என்றார், இன்னொருதரம். இந்த ஜோடி மோஸ்ட் யுனீக் என்றார், உன் அப்பா முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். லிட்ரலி நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்றார், மேனேஜர் முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நான் இவர் மணிக்கட்டைப் பிடித்தேன், நாடி குதிரையாக ஓடியது. எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது, எதிரே உன் மாமா மேடைக்குக் கீழே நின்று பேச்சைக் கேட்காமல் இவரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒருவழியாக முடித்தார், கை தட்டினார்கள், அப்பாடா என்று மூச்சு விட்டேன். மனுஷர் போய் உட்கார வேண்டியதுதானே. மைக்கைக் கையில் பிடித்தபடியே படி இறங்கி நேரே எங்களிடம் வந்தார். சார், இன்னைக்கு என் இங்கிலீஷ் எப்படி என்று கேட்டார். மைக்கில் கேட்டார், மண்டபம் முழுக்கக் கேட்டது. சாப்பாட்டு அறைக்குப் போக எழுந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

உன் அப்பா எழுந்து நின்றார். பாப்பா, அவருக்குப் பொய் சொல்ல வராது, அது நல்ல குணம் என்று நான் சொல்லவில்லை, வராது, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் என் சமையலைக் கேட்டதற்கே அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. நன்றாக இருந்தது என்று அவர் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும், என் தம்பிக்கும் தெரியும். இந்த மனுஷர் வாயைத் திறந்தால் எனக்குத் தம்பி இல்லை என்று நினைத்துக்கொண்டேன், அப்படியே மனசுக்குள் சொன்னேன், ஒளிக்காமல் எழுதுகிறேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மேனேஜர் மைக்கை அவர் வாய்க்கிட்டே நீட்டினார். உன் அப்பா சொன்னார், கடைசி வரிசை வரைக்கும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக் கேட்டுச்சு சார். மேனேஜர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு ஆளைக் கட்டிப்பிடித்துவிட்டார், தேங்க்யூ தேங்க்யூ என்று மைக்கிலேயே சொல்லி, இவர் பெரிய பத்திரிகையில் இருந்தவர், இவரே சொல்லிட்டார் என்று கூட்டத்துக்கு அறிவித்தார். எல்லாரும் மறுபடி கை தட்டினார்கள். உன் மாமா மட்டும் தட்டவில்லை. அவன் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான், முதுகு குலுங்கியது, அழுகிறானோ என்று எனக்குப் பகீரென்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான், சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர். நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்து, அக்கா, சாப்பிட வாங்க, ரெண்டு பேரும் வாங்க என்றான். ரெண்டு பேரும் என்றதை இவரைப் பார்த்துச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, அத்தான், இலை பக்கத்துல ஐட்டம் எல்லாம் இங்கிலீஷ்ல எழுதி அட்டை வச்சிருக்காங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், அதை மட்டும் பாக்காதீங்க என்றான். பார்க்கவில்லை. அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டார். உன் அத்தை வந்து வந்து பரிமாறினாள். திரும்பி வருகிற வழியில் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், அந்தப் பேச்சில் இருந்த தப்புகளை முதலிலிருந்து வரிசையாக ஒன்று விடாமல் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார், வீடு வந்த பிறகும் படியில் நின்று இரண்டு பாக்கி இருந்ததைச் சொன்னார். நான் குறுக்கே பேசவில்லை. அன்றைக்கு அவருக்கு அது நியாயமாகச் சேர வேண்டியது என்று பட்டது.

இவ்வளவுதான் நடந்தது. அவர் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டாரா என்றால் கேட்கவில்லை. இனிமேலும் கேட்க மாட்டார், நீ அதற்காகக் காத்திருக்கிறாய் என்றால் அந்தக் காத்திருப்பு வீண், அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். உன் மாமா அது இல்லாமலே சாப்பிடக் கூப்பிட்டான், போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கும் வந்தான், இவரோடு உட்கார்ந்து கடைக்கு ஒரு புது விளம்பர வாசகம் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனான். உன்னால் முடியுமா என்று நீ பார்த்துக்கொள். ஒன்று மட்டும் உனக்குத் தெரிய வேண்டும். நீ அனுப்பின செய்தி வந்த அன்றைக்கு அவர் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் என்ன என்று கேட்டதற்குக் கொடுத்தார், வாங்கிப் படித்தேன். நீ கோபத்தில் அடித்திருக்கிறாய், இங்கிலீஷில் முதல் வரியிலேயே ஒரு தப்பு, எனக்கே தெரிகிறது, நடுவில் இன்னும் இரண்டு. ஹாஸ்டல் கடிதத்தில் இருந்த அதே தப்புகள். அவர் இப்போது சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று நான் காத்துக்கொண்டே நின்றேன், சொன்னால் உன் சார்பாக நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வாய் தயாராக இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாப்பா எழுதினதுல திருத்தம் ஒண்ணும் இல்ல, எல்லாம் சரியாத்தான் இருக்கு என்றார். பாப்பா, இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அதை மறுபடி கேட்க என்னால் ஆகாது.

வேறு விசேஷம் இல்லை. நீ நினைக்கிற காரியமெல்லாம் நல்லபடி முடிந்து, உடம்பில் தெம்பும் மனசில் நிம்மதியுமாக நீ நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நான் காலையில் எழுந்ததும் கேட்டுக்கொள்வது. கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றாயே, மாத்திரையைப் போட்டு ஆற்றிக்கொண்டிருக்காதே, போய்க் காட்டு. ஃபோன் பண்ணினால் என்னிடம் அப்புறம் பேசலாம், முதலில் அவரைக் கூப்பிடச் சொல். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார், முடிக்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா